டீச்சர், ரைட்ல ஒடிங்க!

“என்னாங்க, அந்த சிடிய வெளிய எடுங்க. பாட்டு போடணும்.”

“தோ, கடைசி சுத்து மங்கலம். முடியப் போவுது.”

“நேத்தும் இதையேதான் சொன்னீங்க. வெளக்கு ஏத்தி வெச்சிட்டு சாமியும் நானும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கினு நிக்கறோம்.”

மணவாளன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கும் நிலையில் இல்லை. திருப்பாதிரிப்புலியூரில் தம் வீட்டு முன்னறையில், பனியனும் கைலியுமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சிவப்புக் காரை மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் விரட்டிக்கொண்டிருந்தார். வலது பக்கம் மலை, இடது பக்கம் கடல், பின்னால் புழுதி தின்றுகொண்டே வரும் வெளிநாட்டுக்காரர்கள். வெற்றிக்கோடு கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

மங்கலம் குனிந்து ஒரு பொத்தானை அமுக்கினாள்.

கம்ப்யூட்டர் பழிப்புக் காட்டுவதுபோல் சிடித் தட்டை வெளியே நீட்டியது. கார் அப்படியே உறைந்தது. ‘ஒரிஜினல் டிஸ்க்கை உள்ளே போடு’ என்று திரையில் ஆங்கிலத்தில் ஓர் அதட்டல் வந்தது.

“கொலைகாரி!” என்றார் மணவாளன்.

“முருகா!” என்றாள் மங்கலம், பக்திப் பாட்டு சிடியைத் தட்டில் வைத்தபடி.

கடலூரில் மணவாளனைத் தெரியாதவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் எங்கே போனாலும் நடந்தே போகிறவர்களாக இருக்க வேண்டும். மணவாளன் டிரைவிங் ஸ்கூல் அப்படிப்பட்டது. மாவட்டத்தில் ஓடிய கார்களில் பாதி அவர் திட்டுக்குப் பயந்துதான் நேராக ஓடின. மீதிப் பாதி வேறு பள்ளியில் பழகியவை. அதனால்தான் கெடிலம் பாலத்தில் அடிக்கடி கூட்டம் கூடுகிறது என்பது அவர் கட்சி.

பள்ளி வேலைக்காக அந்த வருஷம், அதாவது இரண்டாயிரத்து ஏழில், அவர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். சிதம்பரத்தில் இருந்த கடையில், கம்ப்யூட்டரோடு ‘ரோடு சுல்தான்’ என்ற கார் பந்தய விளையாட்டு சிடியை இலவசமாகக் கொடுத்தார்கள். அசல் சிடி, பளபளவென்ற டப்பாவில். அன்றோடு பள்ளி வேலை கம்ப்யூட்டரை மறந்தது, கம்ப்யூட்டரும் பள்ளி வேலையை மறந்தது.

ரோடு சுல்தானுக்கு ஒரு குணம் உண்டு. அசல் சிடி உள்ளே சுழன்றுகொண்டே இருந்தால்தான் ஓடும். அதோடு, திரை முழுக்கச் சப்பணமிட்டு உட்கார்ந்துகொள்ளும். ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு வேறொன்றைத் திறந்தால், பந்தியில் பாதியில் எழுப்பப்பட்ட சம்பந்திபோலக் கோபித்துக்கொண்டு மொத்தமாகப் போய்விடும். மங்கலத்தின் டேப் ரெக்கார்டரோ எப்போதோ உயிரை விட்டிருந்தது. வீட்டில் பாட்டுப் பாடக்கூடியது கம்ப்யூட்டர் மட்டும்தான். தட்டு ஒன்று, சிடி இரண்டு.

இது வெறும் குடும்பச் சண்டையாகவே இருந்திருக்கும். ஆனால் அந்த வாரம்தான் சிதம்பரத்தில் இருந்து மங்கலத்தின் தம்பி சிங்காரம் ஒரு செய்தியோடு வந்து இறங்கினான்.

“மாமா, ஜாக்பாட்டு! சிதம்பரத்துல கம்ப்யூட்டர் யாவாரிங்க சங்கம் ரோடு சுல்தான் போட்டி வெக்கிறாங்க. கம்ப்யூட்டர் வாங்கி அந்த சிடிய எனாமா வாங்குனவங்க மட்டுந்தான் கலந்துக்கலாம். உங்க பேர குடுத்துட்டேன்.”

“யார கேட்டுக் குடுத்த?”

“கேட்டா வேணாம்னு சொல்லுவீங்க. அதான் கேக்கல.”

மணவாளன் வேண்டாம் என்று சொல்லவில்லை. மீசையைத் தடவிக்கொண்டார். “பசங்கதான வருவானுங்க?” என்றார். “எல்லாம் எனக்குப் பேரன் வயசு. பாவம், அழுதுட்டாங்கன்னா?”

“மிட்டாய் வாங்கிக்கினு போலாம் மாமா.”

“ஆனா பழகறதுக்கு உங்க அக்கா வுடமாட்டேங்கறாளே மச்சான். ஓட்டற வண்டில இருந்து சிடிய உருவறா.”

சிங்காரம் சிரித்தான். அவன் செல்போன் கடை வைத்திருந்தான். அதனால் கம்ப்யூட்டர், டிவி, கிரைண்டர், மனித உடம்பு எல்லாவற்றையும் பற்றி அவனுக்கு அபிப்பிராயம் உண்டு. “சிடியே இல்லாம ஓடற மாதிரி ஒரு காப்பி இருக்கு மாமா. ஃபிரெண்டு ஒருத்தன் வெச்சிருக்கான். உள்ள ஏத்திட்டா தட்டு காலி. நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க, அக்கா பாட்டுக்கு பாட்டு போடட்டும்.”

“அது திருட்டு சிடி ஆச்சே?”

“நம்மகிட்டதான் ஒரிஜினல் இருக்கே! நம்ம பொருள நாமளே திருடுனா அதுக்குப் பேரு திருட்டா?”

மணவாளன் எழுந்து நாற்காலியை மச்சானுக்கு விட்டுக்கொடுத்தார். காப்பி ஏறியது. பழையது நீக்கப்பட்டது. அசல் சிடி டப்பாவோடு பீரோவுக்குள் போனது.

மறுநாள் காலை மங்கலம் விளக்கேற்றினாள். பாட்டு ஆரம்பித்தது. மணவாளனின் காரும் புறப்பட்டது. தம்பதி இருவரும் ஒரே சமயத்தில் சிரித்தது, அந்த வீட்டில் கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு அப்போதுதான்.

சிரிப்பு பல்லவி வரைக்கும்தான் நீடித்தது. அந்தக் கம்ப்யூட்டருக்கு இரண்டு வேலையை ஒன்றாகச் செய்யும் திராணி இல்லை. தவில் அடித்தபோதெல்லாம் கார் எகிறிக் குதித்தது. பாடகர் ஆலாபனை இழுத்தால் காரும் ரப்பர்போல இழுபட்டது. அவர் மூச்சு வாங்க நிறுத்தினால் கார் திடீரென்று பாய்ந்து மலையில் மோதியது. அதே சமயம் கார் வளைவில் திரும்பும்போது சாமிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

“என்னாங்க, முருகன் திக்கறாரு!” என்று சமையலறையில் இருந்து குரல் வந்தது.

“என் வண்டி மட்டும் என்னா வழுக்கிக்கினா போவுது? மயிலு மாதிரி ஆடுது!”

முதல் சுற்றைக்கூட முடிக்க முடியவில்லை. சிங்காரத்துக்குப் போன் போயிற்று. மறுநாளே அவன் விரல் நீளத்துக்கு ஒரு பச்சை அட்டையோடு வந்தான். “மெமரி மாமா. இத உள்ள சொருகுனா ரெண்டு வேலையும் அலேக்கா பாக்கும்.” சொருகினான். பாட்டு தேன்போல ஓடியது. கார் வெண்ணெய்போல ஓடியது. முதல் சுற்று முடிந்தது. மணவாளன் மச்சானைக் கட்டிப் பிடிக்க எழுந்தார்.

இரண்டாவது சுற்றில் கார் இடது பக்கம் இழுத்தது.

முதலில் லேசாக. பிறகு கயிறு கட்டி இழுப்பதுபோல. மணவாளன் வலது பக்கம் ஒடித்தார். கார் கேட்கவில்லை. தடுப்பை உடைத்துக்கொண்டு கடலில் குதித்தது. அவர் இடது கால் தானாக பிரேக்கை மிதித்தது. மேஜைக்கு அடியில் பிரேக் இல்லை, யூபிஎஸ் இருந்தது. கால் அதன் பொத்தான்மேல் பட்டு, கார், கடல், முருகன் மூவரும் ஒருசேர அணைந்தார்கள்.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்கள் எல்லாருக்கும் உள்ள வியாதி அது. காரில் அவர்கள் உட்காருவது இடது பக்க சீட்டில். அங்கே அவர்களுக்கென்று தனி பிரேக் இருக்கும். ஓட்டுகிற ஆள் மறந்தால் இவர்கள் மிதிப்பார்கள். மிதித்து மிதித்து மணவாளனின் கால், சினிமாத் தியேட்டரில்கூட ஆபத்தான கட்டத்தில் முன்சீட்டை உதைக்கும்.

“வண்டில ஏதோ கோளாறு” என்றார் மணவாளன்.

“வண்டியே இல்லியே மாமா. அது படம்.”

“நீ சும்மா இரு. முப்பது வருஷமா வண்டிய தொட்டுக்கினு இருக்கேன். ஒரு பக்கமா இழுத்தா அது வீல் அலைன்மென்ட்டு. கூப்புடு ஆரோக்கியராஜ!”

பள்ளிக் கார்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் ஆரோக்கியராஜ், ஸ்பேனர் பெட்டியோடு வந்தார். கம்ப்யூட்டரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். மேஜையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார். அது இடது பக்கமாக உருண்டு ஓடியது.

“பாத்தியா மச்சான்? சொன்னேன்ல?” என்றார் மணவாளன்.

இடது பக்க மேஜைக் காலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை கொடுக்கப்பட்டது. எலுமிச்சம்பழம் நின்றது. கார் நிற்கவில்லை, மறுபடியும் கடல். இரண்டாவது கட்டை, மூன்றாவது கட்டை. கடைசியில் மேஜை எவ்வளவு சாய்ந்ததென்றால், கீபோர்டு வழுக்கி மணவாளன் மடியில் விழுந்தது. கம்ப்யூட்டர் பெட்டியைப் பிடித்துக்கொள்ளத் தனியாக ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் சிங்காரம். அப்போதும் கார் கடலில்தான் விழுந்தது.

ஆரோக்கியராஜ் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். “வண்டில கோளாறு இல்ல மாஸ்டர். ரோடுதான். ஓட்டி ஓட்டி ஒரு பக்கம் அமுங்கிப் போச்சு.”

மணவாளனுக்கு இது நியாயமாகவே பட்டது. அவ்வளவு ஓட்டியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பட்டம்மாள் டீச்சர் வந்து நின்றார். கணக்கு டீச்சர். மணவாளனிடம் கார் பழக ஆரம்பித்து ஒரு வருஷம் ஓடிவிட்டது, கார்தான் ஓடவில்லை. சாய்ந்த மேஜை, அதைத் தாங்கும் சிங்காரம், திரையில் கடலில் மிதக்கும் கார் எல்லாவற்றையும் டீச்சர் கண்ணாடி வழியாக ஒருமுறை, கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்த்தார்.

“ஏன் மாஸ்டர், உங்களுக்கே வண்டி நேரா போவ மாட்டேங்குதா?”

“ரோடு சரியில்ல டீச்சர்.”

“இதையேதான மாஸ்டர் நானும் சொன்னேன்? அன்னிக்கு மட்டும் அந்தக் கத்து கத்துனீங்க?”

டீச்சர் கிளம்பிப் போனார். செய்தி அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. மாலைக்குள் மார்க்கெட்டில் முருங்கைக்காய் விற்கிறவர்கூட, “மாஸ்டரு கம்ப்யூட்டர்ல வண்டிய கடல்ல வுட்டுட்டாராமே?” என்று கேட்டார். ராத்திரிக்குள் செய்தி வளர்ந்து, நிஜக் காரையே தேவனாம்பட்டினம் கடற்கரையில் இறக்கிவிட்டார் என்றாயிற்று. இரண்டு பேர் துக்கம் விசாரிக்க வந்தார்கள். மறுநாள் காலை வகுப்புக்கு வரவேண்டியவர்களில் பாதிப்பேரைக் காணோம். அவர்கள் பக்கத்துத் தெருப் பள்ளியின் காரில், அவர் வாசல் வழியாகவே போனார்கள். ஹாரன் வேறு அடித்தார்கள்.

இதற்கு மேல் எதுவும் கெடுவதற்கு இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோது, மங்கலம் கோயிலில் இருந்து வேகவேகமாக வந்தாள்.

“ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல உங்க படம் தொங்குது.”

“என்னா கேஸ்ல?” என்று பதறினார் மணவாளன்.

போய்ப் பார்த்தால், பனைமர உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் பேனர். கறுப்புக் கண்ணாடி போட்ட மணவாளன், தாம் வாழ்நாளில் தொட்டிராத ஒரு சிவப்புக் கார்மேல் சாய்ந்துகொண்டிருந்தார். கீழே கொட்டை எழுத்தில்: ‘சிதம்பரம் கணினிக் கார் பந்தயத்தில் வெற்றி வாகை சூடிய சாலைச் சக்கரவர்த்தியே! வருக! வருக!’

“டேய் மச்சான், போட்டி ஞாயித்துக்கெழமதானடா!”

“ஃப்ளெக்ஸ்காரனுக்கு ஞாயித்துக்கெழம லீவு மாமா. அதான் முன்னாடியே அடிச்சிட்டேன்.”

“தோத்துட்டா?”

சிங்காரம் யோசித்தான். அதுவரை அந்தக் கோணத்தில் யோசித்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. “ஜெயிச்சிருங்க மாமா” என்றான்.

ஜெயிக்காவிட்டால் திருப்பாதிரிப்புலியூரில் பள்ளியை நடத்த முடியாது. பூட்டிவிட்டுப் பெண்ணாடம் பக்கம் போய்க் கரும்பு டிராக்டர் ஓட்ட வேண்டியதுதான். அதுவும் நேராக ஓட்ட முடிந்தால். மணவாளன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதாவது நான்கு இட்லியோடு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் பட்டம்மாள் டீச்சர் வகுப்புக்கு வந்தார். மற்றப் பள்ளிகள் எல்லாம் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்திருந்தன. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கார் வழக்கம்போல இடது பக்கச் சாக்கடையை நோக்கிப் போனது. மணவாளன் வழக்கம்போல இடது சீட்டில் இருந்தபடி வலது கையை நீட்டி, ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தை ஒற்றை விரலால் கொக்கி போட்டு, “டீச்சர், ரைட்ல ஒடிங்க… ரைட்டு… ரைட்டு…” என்று இழுத்துக்கொண்டே வந்தார். கார் நேராகப் போனது. டீச்சர் தாமே ஓட்டுவதாக நினைத்து வெளியே வேடிக்கை பார்த்தார்.

பாதி வழியில் மணவாளன் “நிறுத்துங்க!” என்று கத்தினார். டீச்சர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். மணவாளன் தம் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டு, இறங்கி வீட்டைப் பார்க்க ஓடினார்.

அவர் மண்டைக்குள் பல்பு எரிந்துவிட்டது. ஒரு வருஷமாக இடது பக்கம் இழுக்கும் ஒரு வண்டியை அவர் தினமும் நேராக ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்! டிரைவராக உட்கார்ந்தால் அல்லவா தகராறு? மாஸ்டராக உட்கார்ந்தால்?

நாற்காலியைக் கம்ப்யூட்டருக்கு நேரே போடாமல் இடது பக்கமாகத் தள்ளிப் போட்டார். வலது கையை மட்டும் நீட்டி, கீபோர்டின் வலது அம்புக்குறிமேல் ஒற்றை விரலைக் கொக்கிபோல வைத்தார். கார் கிளம்பியது. இரண்டாவது சுற்றில் இடது பக்கம் இழுத்தது. மணவாளன் திரையைப் பார்த்து, நாள்பட்ட அன்போடு சொன்னார்: “டீச்சர், ரைட்ல ஒடிங்க…”

கார் நேராகப் போயிற்று.

“மங்கலம்! டீச்சர் கடல்ல வுழல!” என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டது.

அதன்பின் வாரம் முழுக்க அதே வேலைதான். நாக்கு வறளும்வரை டீச்சரைத் திட்டினார், கொஞ்சினார், கெஞ்சினார். சாமிப் பாட்டுக்கு நடுவே “ரைட்டு, ரைட்டு” கேட்டுக்கொண்டே இருந்ததில், மங்கலம் ஒருநாள் கோயிலிலேயே பாட்டோடு சேர்த்து அதையும் பாடிவிட்டாள். மணவாளனுக்கு உடம்பே வலது பக்கம் சாய்ந்துவிட்டது. தெருவில் நேராக நடப்பதாக நினைத்து நடந்தால், எதிர் வீட்டுக்குள் போய் நின்றார்.

“வாங்க மாஸ்டர், காபி சாப்புடறீங்களா?” என்று அவர்களும் பழகிப்போனார்கள்.

ஒரே ஒரு பயம்தான் அவரை அரித்தது. சிதம்பரம் போகும் பஸ்ஸில் அதைச் சொல்லியும்விட்டார். “மச்சான், எங்க வீட்டு ரோடு அமுங்கிப் போனது. அங்க புது கம்ப்யூட்டரு, புது ரோடு. நேரா இருந்துதுன்னா என் கை சும்மா இருக்காதுடா. வண்டி ரைட்ல போயி மலையில ஏறிடும்.”

“சாமிய கும்புட்டுக்கங்க மாமா” என்றான் சிங்காரம். அவன் ஏற்கெனவே, தோற்றால் எந்தப் பஸ்ஸில் எங்கே போவது என்று விசாரித்து வைத்திருந்தான். மங்கலம் சாமியைக் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். பின் சீட்டில் பட்டம்மாள் டீச்சர், “மாஸ்டர் தோக்கறத பாக்க வரல, சும்மா நடராஜர பாக்கலாம்னுதான்” என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தார்.

மேல வீதியில் ஒரு கல்யாண மண்டபம். சனங்களை எள் போட்டால் எண்ணெய் எடுக்கலாம் போல அடைத்து உட்கார வைத்திருந்தார்கள். மேடையில் பத்து கம்ப்யூட்டர்கள். மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய பேனர் சுருட்டிக் கட்டியிருக்க, அதன் கயிற்று நுனியைப் பிடித்தபடி சங்கத் தலைவர் புன்சிரிப்போடு நின்றார். சங்கத்தின் செயலாளர் எழிலரசி என்ற பெண் மைக்கைப் பிடித்து, “மூணு சுத்து. யார் மொதல்ல முடிக்கறாங்களோ அவுங்கதான் சுல்தான்! ஆல் தி பெஸ்ட்!” என்றார். சொல்லிவிட்டுத் தலைவரைப் பார்த்தார். தலைவர் எழிலரசியைப் பார்த்தார். இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

ஒன்பது இடங்களில் காலேஜ் பையன்கள். பத்தாவதில் மணவாளன். உட்காருவதற்கு முன் அவர் நாற்காலியைத் தூக்கி இடது பக்கமாகப் போட்டார்.

“சார், அங்க உக்காந்தா கம்ப்யூட்டர் தெரியாதே” என்றார் எழிலரசி.

“முப்பது வருஷமா இங்கதாம்மா உக்காந்துக்கினு இருக்கேன்.”

மண்டபம் சிரித்தது. விசில் அடித்தது. பந்தயம் தொடங்கியது.

அவர் பயந்ததுதான் நடந்தது. புது ரோடு. தட்டையான, அழகான, நேரான ரோடு. பையன்களின் கார்கள் அம்புபோலப் பறந்தன. மணவாளனின் விரல் பழக்க தோஷத்தில் வலது பக்கமே அமுக்க, அவர் கார் மலையை உரசிக்கொண்டு, பொறி பறக்க, ஆட்டுமந்தைக்குப் பின்னால் வரும் லாரிபோல வந்தது. முதல் சுற்றின் முடிவில் அவர்தான் கடைசி.

“தாத்தா, மலைக்குப் பொண்ணு பாக்கப் போறீங்களா?” என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிங்காரம் மெல்ல எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தான். மங்கலம் கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டாவது சுற்று.

முதலிடத்தில் போன பையன் “ஏய்… ஏய்…” என்றான். அவன் கார் லேசாக இடது பக்கம் போயிற்று. அவன் கீபோர்டைத் தட்டினான். கார் தடுப்பை உடைத்துக்கொண்டு கடலில் குதித்தது. அடுத்தவன் கார் அதைப் பார்த்துப் பின்னாலேயே குதித்தது. மூன்றாவது, நான்காவது… மாலை நேரத்தில் தவளைகள் குளத்தில் குதிப்பதுபோல வரிசையாக, தொபுக், தொபுக் என்று, ஒன்பது கார்களும் கடலுக்குள் போயின. வெளியே எடுத்து ரோட்டில் வைத்தால், நாலடி ஓடிவிட்டு மறுபடியும் போயின.

மணவாளனின் காரும் இழுத்தது. அவருடைய விரலுக்கு அந்த இழுப்பு தெரிந்தது. பேரன் கையைப் பிடித்து இழுப்பதுபோல இருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

“வாங்க டீச்சர்!” என்று மண்டபம் அதிரக் கத்தினார். “ரைட்ல ஒடிங்க! ரைட்டு! அப்புடித்தான்! சாக்கட பக்கம் பாக்காதீங்க! ரோட்டப் பாருங்க!”

பார்வையாளர் வரிசையில் பட்டம்மாள் டீச்சர் தம்மையறியாமல் எழுந்து நின்று, இல்லாத ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் ஒடித்தார். அடுத்த வரிசை ஒடித்தது. மணவாளன் “ரைட்டு!” என்று கத்தும்போதெல்லாம் மண்டபமே வலது பக்கம் சாய்ந்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள் நசுங்கினார்கள். சந்தோஷமாக நசுங்கினார்கள்.

பந்தயப் பாதையில் ஒற்றைக் கார். இடது பக்கம் கடலில் ஒன்பது கார்கள் மிதக்க, அவர் பாதி வழியில் இண்டிகேட்டர் போடுவதாக நினைத்துக் கையைக்கூட வெளியே காட்டினார். கண் இமைக்காத சவாரி. மூன்றாவது சுற்று முடிந்தது. வெற்றிக்கோடு. திரையில் வாணவேடிக்கை.

சிங்காரம் வாசலில் இருந்து நேராக மேடைக்குப் பறந்து வந்து மாமாவைத் தூக்கினான். மங்கலம் அழுதாள். பட்டம்மாள் டீச்சர், “நான்தான் ஓட்டுனேன்! நான்தான்!” என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் கை குலுக்கிக்கொண்டிருந்தார்.

இவ்வளவு ஆரவாரத்திலும் மேடையில் இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. சங்கத் தலைவர் கையில் கயிற்றோடு சிலைபோல நின்றார். பிறகு சுருட்டிய பேனரை அவிழ்க்காமலே, அவசர அவசரமாகக் கழற்றி மேஜைக்கு அடியில் தள்ளினார். எழிலரசி அவர் காதில் ஏதோ கேட்க, “கோப்பைக்கு நான் எங்கம்மா போவேன்? வாங்கவே இல்லியே!” என்று அவர் முனகியது மைக்கில் கேட்டது. கொல்லைப்புறக் கதவு வழியாக ஓடினார். அறிவிப்புக்கும் பரிசுக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்தது. அதைக் கூட்டம் கைதட்டியே நிரப்பியது. கடைசியில் தலைவர் வியர்வை சொட்டச் சொட்ட ஒரு எவர்சில்வர் அண்டாவோடு வந்தார். கடைக்காரர் சுற்றிய பேப்பர்கூட அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மங்கலத்துக்கு அண்டாவைப் பார்த்ததும் சந்தோஷம் இரட்டிப்பாயிற்று. “கோப்பைய வெச்சிக்கினு என்னா பண்றது? இதுல நாப்பது பேருக்குப் பொங்கல் வெக்கலாம்” என்றாள்.

மணவாளனுக்கு மாலை போட்டார்கள். பேசச் சொன்னார்கள். அவர் அண்டாவை இடுப்பில் இடுக்கியபடி, லேசாக வலது பக்கம் சாய்ந்து, மைக்கைப் பிடித்தார்.

“தம்பிங்களா, ரோட்டுலயும் சரி, வாழ்க்கையிலயும் சரி, குறுக்கு வழின்னு ஒண்ணு கெடையவே கெடையாது. நான் நேர் வழியில போனேன், ஜெயிச்சேன். அவ்ளோதான்!”

மண்டபம் இடிந்து விழாதது சிதம்பரத்துக் கொத்தனார்களின் பெருமை. பையன்கள் வந்து காலில் விழுந்தார்கள். அங்கேயே நான்கு பேர் டிரைவிங் ஸ்கூலில் சேரப் பெயர் கொடுத்தார்கள். “ஸ்டேஷன்ல பேனர் வெச்சிருக்கோம், பாத்துட்டு வாங்க!” என்று சிங்காரம் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னான்.

கூட்டம் கலையும்போது எழிலரசி மெல்ல வந்தார். மணவாளனைத் தூண் மறைவுக்குக் கூட்டிப்போய், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“சார், திருட்டு சிடி போட்டா ரெண்டாவது சுத்துல வண்டிய இடது பக்கம் இழுத்துக் கடல்ல தள்ளிடும், எவனாலயும் ஜெயிக்க முடியாதுன்னு ஊருக்குக் காட்டத்தான் பத்து மிஷின்லயும் திருட்டு சிடிய ஏத்தி இந்தப் போட்டியே வெச்சோம்… நீங்க வீட்ல எதுல சார் பழகுனீங்க?”